தேடி வரும் உஸ்தாதும் தேடிப் போகும் மாணவரும்

(நமது ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில், பிளஸ் டூ தேர்வில் வெற்றி பெற்ற மாணவ, மாணவியருக்காகப் பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற பாராட்டு நிகழ்ச்சியில் நமது இமாம் ஆற்றிய உரை. ஜமாஅத்தார்கள் பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மலரில் வெளியிடப்படுகிறது.)

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன். புகழனைத்தும் அகிலங்களின் அதிபதியாகிய அவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

     

கல்வியின் சிறப்பைப் பற்றி இந்த மேடையில் ஆண்டுதோறும் பேசுகிறோம். வஹீயின் முதற்கட்டளையே ஓதுதலைப் பற்றியது என்பதை இங்குள்ள சிறுவர்களும் அறிவார்கள். எனவே இன்று அதை மீண்டும் விரிக்காமல், சென்ற வாரம் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் அறிவியலில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறான். "ஹஜ்ரத், இவனுக்கு இரண்டு இடங்களில் கிடைக்கும்போல் இருக்கிறது. ஒன்று திருச்சியில் பாதிரிமார்கள் நடத்தும் கல்லூரி. மற்றொன்று சிதம்பரத்தில் அரசுப் பல்கலைக்கழகம். அது சிறியது, இது பெரியது. எதில் சேர்க்கலாம்? நீங்கள் சொல்வதுதான் முடிவு" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் அன்றிரவு பதில் சொல்லவில்லை. மூன்று நாள் அவகாசம் கேட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. இதே கேள்விக்கு ஒருமுறை நான் ஒரே மூச்சில் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலின் விலையை வேறொருவர் கொடுத்தார்.

ஒரே மூச்சில் சொன்ன பதில்

நான் இந்தப் பள்ளிவாசலுக்கு இமாமாக வந்த புதிது. மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் தம் மகனுக்கு சேசு சபையார் நடத்தும் கல்லூரி ஒன்றில் விடுதியுடன் இடம் கிடைத்திருப்பதாகச் சொல்லி, சேர்க்கலாமா என்று கேட்டார். நான் அப்படிப்பட்ட கல்லூரி எதன் வாசலையும் மிதித்தவனல்லன். என்றாலும், "சுவரில் சிலுவை தொங்கும் வகுப்பறையில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டுமா? வேறு இடம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் மறு பேச்சுப் பேசாமல் மகனை ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். அதன் பெயர் வேண்டாம். குறை அந்தப் பல்கலைக்கழகத்தினுடையது என்று நான் சொல்ல வரவில்லை.

அந்தப் பிள்ளை நமதூர்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன், கூச்ச சுபாவம் உடையவன். அங்கே பாடங்கள் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தன. முதல் பருவத்திலேயே மூன்று தாள்களில் தவறினான். வீட்டில் சொல்ல வெட்கம், ஆசிரியரிடம் கேட்க அச்சம். இரண்டாம் ஆண்டு ரமழானில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. கடையில் சில காலம் நின்றான். பிறகு வெளிநாட்டுக்குப் போய்விட்டான்.

பல ஆண்டுகள் கழித்து விடுமுறையில் வந்தபோது, ஒருநாள் ஃபஜ்ருக்குப் பின் என்னருகில் வந்து உட்கார்ந்தார். அவர் பேச்சில் கோபமே இல்லை. "ஹஜ்ரத், அங்கே நான் மூன்று மாதம் வகுப்புக்கே போகவில்லை. அறையிலேயே படுத்துக் கிடந்தேன். ஒருவர்கூட வந்து 'ஏன் வரவில்லை' என்று கேட்கவில்லை" என்றார்.

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை இன்றுவரை என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அவருடைய ஈமானைக் காப்பதாக எண்ணி நான் அந்த யோசனையைச் சொன்னேன். அல்ஹம்து லில்லாஹ், அவருடைய ஈமான் பத்திரமாகவே இருக்கிறது. அவருடைய கல்விதான் இல்லாமல் போயிற்று. அறியாத ஒன்றைப் பற்றி அறிந்தவன்போலத் தீர்ப்புச் சொன்னதற்காக அவரிடமும் அவருடைய அத்தாவிடமும் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இன்று உங்கள் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகுதான் இந்த இருவகைக் கல்விக்கூடங்களையும் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். இரண்டையும் நேரில் சென்று பார்த்தேன், அங்கே படித்தவர்களிடம் கேட்டேன். அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சேசு சபையாரின் கல்லூரிகள்

சேசு சபை என்பது கத்தோலிக்கத் துறவியரின் ஓர் அமைப்பு. இக்னேஷியஸ் லயோலா என்பவர் தொடங்கி, 1540-ஆம் ஆண்டு போப்பின் அங்கீகாரம் பெற்றது. அதன் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவரான சவேரியார் 1542-இல் கோவாவுக்கு வந்து, பின்னர் நம் தென்பாண்டி முத்துக்குளித்துறையில் தங்கிப் பணியாற்றினார். சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவரும் இச்சபையைச் சேர்ந்தவரே. மதப் பணியோடு கல்விப் பணியையும் இவர்கள் தொடக்கம் முதலே கையில் எடுத்தனர். பாடம் எப்படி நடத்தப்பட வேண்டும், ஆசிரியர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 1599-லேயே ஒரு விதி நூலை வகுத்துக்கொண்டனர். ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியே அறிந்து கவனிக்க வேண்டும் என்பதை இன்றும் தங்கள் கல்வியின் அடிப்படைகளில் ஒன்றாகச் சொல்லி வருகின்றனர்.

தமிழகத்தில் இவர்களுடைய மூத்த கல்லூரி திருச்சி தூய வளனார் கல்லூரி. அது திருச்சியில் பிறக்கவில்லை. 1844-இல் நம் நாகூருக்கு அண்டையிலுள்ள நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்டு, 1883-இல் திருச்சிக்கு மாறியது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி 1923-லும், சென்னை லயோலா கல்லூரி 1925-லும் தோன்றின.

'சிறிய கல்லூரி' என்று நாம் சொன்னாலும் இவை ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கானோர் படிக்கின்றனர். பல்கலைக்கழகத்தோடு ஒப்பிடும்போதுதான் இவை சிறியவை. ஒரே வளாகம், வரம்புக்குட்பட்ட பாடப்பிரிவுகள், வருகைப் பதிவிலும் விடுதி நேரத்திலும் கண்டிப்பு. துறைத் தலைவருக்கு மாணவன் முகம் தெரியும், நாலு நாள் வராவிட்டால் வீட்டுக்குத் தகவல் வரும் என்று அங்கே படித்தவர்கள் சொல்கிறார்கள்.

பெற்றோர் பலருக்குள்ள ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'கல்லூரிப் பட்டம் சிறியது, பல்கலைக்கழகப் பட்டம் பெரியது' என்று எண்ண வேண்டாம். தூய வளனார் போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டத்தையும் தேர்வையும் அவையே நடத்துகின்றன. ஆனால் பட்டம் வழங்குவது அவை இணைந்துள்ள பல்கலைக்கழகம். தூய வளனாரில் படித்தவருக்குப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பட்டம், லயோலாவில் படித்தவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம்.

பெரிய பல்கலைக்கழகங்கள்

நம் மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் சொந்த வளாகத்தில் முதுகலையும் ஆராய்ச்சியுமே மிகுதி. பிளஸ் டூ முடித்தவுடன் வளாகத்திலேயே சேரும் வாய்ப்பு உள்ளவை சில. நமக்கு அருகிலுள்ள பெரியது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அது, 2013-இல் சட்டத்தின் மூலம் தமிழக அரசின் நிர்வாகத்தின்கீழ் வந்தது. கலை, அறிவியல், பொறியியல், வேளாண்மை, கல்வியியல், தமிழ், இசை என்று ஓர் ஊரளவுக்கு விரிந்து கிடக்கிறது. அதன் கடல் உயிரியல் ஆய்வு மையம் நம்மவர் நிறைந்து வாழும் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது. இதுபோலத் திருவாரூரில் 2009-இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகமும் உண்டு.

பெரிய இடத்தின் பரக்கத் பெரியது. நூலகம் கடல்போன்றது. ஆய்வுக்கூடங்கள் பல. ஒரு துறையில் நுழைந்த மாணவன் பக்கத்துத் துறையின் வாசலையும் தட்டிப் பார்க்கலாம். பல மாவட்டத்தார், பல மாநிலத்தார் பழக்கம் கிடைக்கும். ஆராய்ச்சி மாணவர்களைக் கண்ணால் பார்ப்பதே இளம் பிள்ளைகளுக்கு ஓர் ஊக்கம்.

பெரிய பல்கலைக்கழகத்தில் படித்து முனைவர் பட்டம் பெற்ற சகோதரி ஒருவர் நம் ஜமாஅத்திலேயே இருக்கிறார். அவரிடம் அவருடைய தாயார் மூலம் கேட்டனுப்பினேன். "யாரும் என்னைத் தேடி வரவில்லை. நான்தான் தேடிப் போனேன். முதல் மாதத்திலேயே ஒரு பேராசிரியையிடம் சென்று, எனக்கு ஆங்கிலம் வராது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர்தான் கடைசிவரை வழிகாட்டினார்" என்று சொல்லி அனுப்பினார்.

அருமையான சகோதரர்களே! அந்தச் சகோதரி சொன்னதையும், ஃபஜ்ருக்குப் பின் என்னருகில் அமர்ந்த சகோதரர் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் போனது பெரிய இடத்துக்குத்தான். ஒருவர் தேடிப் போனார், மற்றவர் தம்மை யாரேனும் தேடி வருவார்கள் என்று காத்திருந்தார்.

தூணுக்கு ஓர் ஆசிரியர்

இது நம் மதரஸா மரபுக்குப் புதிதல்ல. கெய்ரோவிலுள்ள அல்அஸ்ஹர் பத்தாம் நூற்றாண்டில் எழுந்த பள்ளிவாசல். அங்கே நெடுங்காலம் பாடம் நடந்த முறை எப்படி? பள்ளியின் தூண்களுக்கு அருகில் ஆசிரியர்கள் அமர்வார்கள், மாணவர்கள் வட்டமாகச் சூழ்ந்து உட்காருவார்கள். அந்த வட்டத்துக்கே 'ஹல்கா' என்று பெயர். பள்ளி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், பாடம் நடந்தது ஒரு தூணடியில்தான். மாணவன் செய்ய வேண்டிய முதல் வேலை தனக்குரிய தூணைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்தவன் ஆலிமாகித் திரும்பினான். அலைந்து திரிந்தவன் அந்தப் பள்ளியின் அழகை மட்டும் பார்த்துத் திரும்பியிருப்பான்.

என் சொந்த அனுபவமும் இதுவே. நான் முதலில் ஓதிய மதரஸாவில் நாங்கள் நாற்பது பேர். ஃபஜ்ரில் ஸலாம் கொடுத்து உஸ்தாத் திரும்பிப் பார்த்த மாத்திரத்தில் யார் வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஸபக் ஒப்புவிக்காமல் ஒருநாளும் தப்பிக்க முடியாது. ஆனால் அங்கே கிதாபுகள் குறைவு. நான் கேட்ட சில கேள்விகளுக்கு, 'பெரிய மதரஸாவுக்குப் போனால் தெரிந்துகொள்வாய்' என்பதே பதிலாக இருந்தது. பிறகு ஸனது பெறச் சென்ற பெரிய மதரஸாவில் முந்நூறு பேர். கிதாப்கானாவில் நாள் முழுவதும் இருக்கலாம். ஆனால் ஸபக்குக்கு நான் வந்தேனா, வரவில்லையா என்பது பல நாள் யாருக்கும் தெரியாது. நாற்பது பேரில் ஒருவனாக வளர்ந்திருந்த காரணத்தால்தான் அந்த முந்நூறு பேரில் நான் தொலைந்துபோகவில்லை. எனவே சிறியதை இகழவும் எனக்கு வாயில்லை, பெரியதைக் குறை சொல்லவும் நாவில்லை.

ஓர் இமாமின் மகன்

இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த, அங்குள்ள பள்ளிவாசலில் இமாமாகவும் இருந்த ஜைனுலாப்தீன் அவர்களின் மகன் 1950-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். அவர்தான் பின்னாளில் நம் நாட்டின் குடியரசுத் தலைவரான ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். தம் தன்வரலாற்றில் அந்த விடுதி வாழ்க்கையை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரே அறையில் அவரோடு தங்கியிருந்தவர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். விடுதிக் காப்பாளராக இருந்த செக்குவேரா பாதிரியார் ஒவ்வோர் இரவும் கையில் பைபிளுடன் மாணவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துச் செல்வாராம். தீபாவளி வந்தால் அறை அறையாக நல்லெண்ணெய் கொடுக்கச் செய்வாராம்.

நான் அன்று பயந்தது அந்தப் பைபிளைப் பார்த்து. அப்துல் கலாம் அவர்கள் நினைவில் வைத்திருந்தது, ஒவ்வோர் இரவும் தம் அறை வாசலுக்கு ஒருவர் வந்ததை.

ஆனால் வரலாற்றில் பாதியை மட்டும் சொல்வது அமானிதமாகாது. மறுபாதியையும் அவரே எழுதியிருக்கிறார். பி.எஸ்ஸி.யில் சேர்ந்தபோது வேறு என்னென்ன உயர்கல்வி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 1954-இல் பட்டம் பெற்ற பிறகுதான் இயற்பியல் தமக்குரிய துறையன்று, பொறியியலே தம் கனவுக்குரியது என்று உணர்ந்தார். அதற்காக மீண்டும் முதலிலிருந்து சென்னை எம்.ஐ.டி.யில் சேர வேண்டியதாயிற்று. கட்டணத்துக்கு அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அன்பாகக் கவனிக்கும் இடத்திலும் பாதைகள் பல இருப்பது தெரியாமல் போகலாம் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

ஈமானைப் பற்றிய அச்சம்

பெற்றோரின் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. பிள்ளையின் தீன் நம்மிடமுள்ள அமானிதம். ஆனால் அந்த அச்சத்துக்கு இரண்டு பதில்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, பிறரிடம் கல்வி கற்பது நம் மரபில் தடுக்கப்பட்டதல்ல. பத்ருப் போரில் கைதானவர்களுள் ஈட்டுத்தொகை கொடுக்க இயலாத, எழுதத் தெரிந்த மக்காவாசிகள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை ஸீரா நூல்களில் படிக்கிறோம். அந்த ஆசிரியர்கள் நேற்றுவரை வாளேந்தி எதிரில் நின்றவர்கள்! ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். அவரை ஆதரித்தவர்கள் முஸ்லிம் கலீஃபாக்கள்.

இரண்டாவது, தொழுகையில்லாத பிள்ளைக்கு எந்த வளாகமும் ஆபத்துத்தான். சேசு சபையாரின் கல்லூரிகளில் கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வியும், மற்றவர்களுக்கு அறநெறிக் கல்வியும் தனியே நடத்துவது நெடுநாள் வழக்கம். அவர்கள் தங்கள் மதத்தை மறைத்துக்கொள்வதில்லை, நம் பிள்ளைகளும் தங்கள் மார்க்கத்தை மறைக்கத் தேவையில்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் சுவரில் சிலுவை இராது. ஆனால் நள்ளிரவில் எங்கே போனாய் என்று கேட்கவும் ஆள் இராது. எந்த இடமானாலும் ஜும்ஆவுக்குச் செல்ல அனுமதி உண்டா, அருகில் பள்ளிவாசல் எங்கே, விடுதியில் ஸஹர் உணவுக்கு வழியென்ன என்று சேருமுன்பே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு செய்தியையும் நம் ஜமாஅத் அறிந்திருக்க வேண்டும். அகமதாபாத்தில் சேசு சபையார் நடத்தும் சவேரியார் கல்லூரி தொடுத்த வழக்கில், 1974-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களைத் தாமே நிர்வகிக்கும் உரிமையை உறுதி செய்த அத்தீர்ப்பின் பயன் நம்மவருடைய கல்லூரிகளுக்கும் கிடைத்து வருகிறது.

'நம்மவர் கல்லூரிகள் இருக்க இந்த இரண்டும் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951 முதல் நம் சமுதாயத்துக்குச் செய்துள்ள சேவை அளவிட முடியாதது. பிள்ளை விரும்பும் பாடம் அங்கே கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். அங்கே இடமோ, விரும்பிய பிரிவோ கிடைக்காதவர்களைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

சேருமுன் கேட்க வேண்டியவை

பெற்றோர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. பிள்ளை எப்படிப்பட்டவன்? தெரியாததைத் தானே போய்க் கேட்பவனா, கேட்க வெட்கப்படுபவனா? என்ன படிக்க வேண்டுமென்று முடிவு செய்துவிட்டவனா, இன்னும் தேடிக்கொண்டிருப்பவனா?

2. கட்டணம் எவ்வளவு? இத்தகைய கல்லூரிகளில் அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என இரண்டு உண்டு. உதவி பெறும் பிரிவில் கட்டணம் குறைவு, சுயநிதியில் அதிகம். எந்தப் பிரிவில் இடம் என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். விடுதிச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

3. இடஒதுக்கீட்டில் நம் நிலை என்ன? 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசுக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. தமிழகத்து லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் வகுப்பார் அந்த மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள், வருமான வரம்பு மட்டும் உண்டு. அங்கே சேர 2022 முதல் 'கியூட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. சிறுபான்மைக் கல்லூரிகளை இந்த ஒதுக்கீட்டுச் சட்டம் கட்டுப்படுத்தாது. அவர்களுடைய சேர்க்கை விதியை நேரில் கேளுங்கள். சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

4. அதே துறையில், அதே விடுதியில் இப்போது படிக்கும் ஒரு மாணவரிடம் பேசினீர்களா? வண்ணப் படங்கள் போட்ட விளக்கக் குறிப்பேடு சொல்லாததை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஜமாஅத்தாரிடம் ஒரு விண்ணப்பம்

இறுதியாக, நிர்வாகப் பெருமக்களிடம் பணிவோடு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் கல்வி நிதிக்கு வரும் மனுக்களில், கிறிஸ்தவக் கல்லூரியில் படிப்பவர்களின் மனு அடியில் போய்விடுவது எழுதப்படாத ஒரு வழக்கமாக இருந்து வருகிறது. அது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் வந்ததன்று. அன்று மிம்பரிலிருந்தும் திண்ணையிலிருந்தும் நான் சொன்ன வார்த்தைகளுக்கு அதில் பெரும் பங்குண்டு. ஆகவே அதை மாற்றச் சொல்லும் கடமையும் எனக்கே உரியது. பிள்ளையின் தேவையையும் தகுதியையும் பார்த்து நிதி கொடுங்கள். கல்லூரியின் பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டாம்.

பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போகும் பிள்ளைகளை நாம் கைவிட்டுவிடவும் கூடாது. அங்கே தேடி வர ஆளில்லையென்றால் நாம் தேடிப் போவோம். வெளியூரில் படிக்கும் நம் மாணவர் ஒவ்வொருவருக்கும் கல்விக் குழுவில் ஒருவர் பொறுப்பேற்று, மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசட்டும். "வகுப்புக்குப் போகிறாயா? தாள் ஏதும் நின்றுபோயிற்றா? காசு இருக்கிறதா?" இந்த மூன்று கேள்விகள் போதும். இதற்கு ஒரு ரூபாய் நிதி தேவையில்லை. முதல் பெயரை நானே எடுத்துக்கொள்கிறேன். அன்று ஒருவருக்கு இதைச் செய்திருந்தால் அவர் மூன்று மாதம் அறையில் படுத்துக் கிடந்திருக்க மாட்டார்.

சென்ற வாரம் வந்த அந்தத் தந்தையும் மகனும் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். மூன்றாம் நாள் வந்தார்கள். நான் தந்தையிடம் பேசாமல் பையனிடம் கேட்டேன்: "தம்பி, பள்ளிக்கூடத்தில் கணக்குப் புரியவில்லையென்றால் என்ன செய்வாய்?" அவன் சற்று நேரம் யோசித்து, "பக்கத்தில் உள்ளவனைப் பார்த்து எழுதிக்கொள்வேன், ஹஜ்ரத். சாரிடம் கேட்கப் பயமாக இருக்கும்" என்றான். அவன் அத்தா அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார் என்று அவர் முகம் சொல்லிற்று. பிள்ளை பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அவர் கடல் கடந்து உழைத்துக்கொண்டிருந்தார்.

நான் முடிவு சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து இரண்டு இடங்களையும் ஒருமுறை பார்த்து வாருங்கள், இஸ்திகாரா தொழுங்கள், பிறகு பிள்ளை சொல்லட்டும் என்று மட்டும் சொன்னேன். திருச்சிக்கும் சிதம்பரத்துக்கும் போய் வந்தார்கள். திருச்சியில் சேர்வதாகப் பையனே முடிவு செய்திருக்கிறான். பட்டம் முடித்த பிறகு முதுகலைக்குப் பெரிய பல்கலைக்கழகம் போவேன் என்கிறான். அல்லாஹ் நாடினால் அதற்குள் கேள்வி கேட்கப் பழகியிருப்பான். வேறொரு பிள்ளைக்கு வேறொரு முடிவு பொருந்தும். இது எல்லோருக்கும் ஃபத்வா ஆகாது.

அன்பு மாணவச் செல்வங்களே! நீங்கள் எங்கே சென்றாலும் முதல் மாதத்துக்குள் உங்களுக்குரிய தூணைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர் அங்கே இருக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்த ஒரு சந்தேகம் நாளை ஒரு வாழ்க்கையையே மறைத்துவிடும்.

யா அல்லாஹ்! இங்கே அமர்ந்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அன்புள்ள ஆசிரியர்களையும், நல்ல தோழர்களையும் தந்தருள்வாயாக! படிப்பு தடைப்பட்டுத் தூர தேசத்தில் உழைக்கும் எங்கள் சகோதரர்களின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! அவர்களின் பிள்ளைகளைக் கல்வியில் உயர்த்துவாயாக! அறியாமல் தவறாக வழிகாட்டிய எங்களை மன்னிப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.